பல் பிடுங்கிய குழியில் வெண்படலம்: துடைக்கலாமா?

கேள்வி:
நேற்று முன்தினம் எனது கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். இரத்தம் நின்றுவிட்டது. ஆனால் இன்று காலை கண்ணாடியில் பார்த்தபோது, குழியின் மேல் மஞ்சள் கலந்த வெண்மையாக ஒரு படலம் தெரிந்தது. அது சீழாக இருக்குமோ? பஞ்சால் துடைத்தெடுக்கலாமா, உப்பு நீரால் அழுத்திக் கொப்பளித்தால் போதுமா? கன்னமும் நேற்றைவிட இன்று கூடுதலாக வீங்கியிருக்கிறது.

மறுமொழி 1:
தயவுசெய்து துடைக்காதீர்கள். காய்ச்சலோ துர்நாற்றமோ கூடிவரும் வலியோ இல்லையென்றால், அது பெரும்பாலும் உறைந்த இரத்தக்கட்டியின் மேல் படியும் ஃபைப்ரின் என்னும் புரதப் படலமாகவே இருக்கும். அந்தக் கட்டிதான் அடியிலுள்ள எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காக்கிறது. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சமடைந்து பிறகு வடிவது இயல்பு. முதல் 24 மணி நேரம் கடந்துவிட்டதால், ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, உணவுக்குப் பின் வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து, துப்பாமல் தானாக வழியவிடுங்கள். மற்ற பற்களை வழக்கம்போலத் துலக்கலாம். குழியருகே மட்டும் தூரிகை படவேண்டாம்.

மறுமொழி 2:
மேலே சொன்ன இரத்தக்கட்டியைக் காக்காமல் அலட்சியம் செய்தவன் நான். இரண்டாம் நாளே புகைபிடித்தேன், குளிர்பானத்தை உறிஞ்சுகுழலில் குடித்தேன். மூன்றாம் நாள் இரவு, குறைந்துவந்த வலி திடீரெனக் காதுவரை ஏறியது; மாத்திரைக்கும் அடங்கவில்லை. கட்டி கழன்று எலும்பு வெளியே தெரியும் இந்நிலையை 'டிரை சாக்கெட்' என்கிறார்கள். மருத்துவர் குழியைக் கழுவி மருந்துத் துணி வைத்த சில மணி நேரத்தில்தான் உறங்க முடிந்தது. புகைப்பழக்கம் இருந்தால் இந்த நாட்களிலாவது விட்டுவிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நான் புகைப்பதில்லை. ஆனால் இதய நோய்க்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவன். இரத்தம் கசியுமே என்ற பயத்தில் இரண்டு நாளாக நிறுத்திவிட்டேன்.

மறுமொழி 1:
அதை நீங்களாக நிறுத்தியது எனக்குப் படலத்தைவிடக் கவலையளிக்கிறது. இன்றே உங்கள் இதய மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். இரத்தம் மீண்டும் கசிந்தால், சுத்தமான காஸ் துணியை மடித்து ஈரமாக்கிக் குழியின் மேல் வைத்து, இடையில் எடுத்துப் பார்க்காமல் அரை மணி நேரம் இறுகக் கடித்திருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எச்சிலில் இளஞ்சிவப்பு மட்டும் கலந்து வந்தால் அது இரத்தப்போக்கு ஆகாது.