செகண்ட் செம்ல உங்களுக்கு என்ன நடந்துச்சு? ஜூனியர்ஸ் படிக்கட்டும், எழுதுங்க

இசிஇ, 2022 பேட்ச்

காலேஜ்ல சேர்ற அன்னைக்கு அறிவுரை சொல்ல ஊரே இருக்கு. செகண்ட் செம் ஆரம்பிக்கிறப்ப ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. "அதான் ஒரு செமஸ்டர் பாத்துட்டியே"ன்னு விட்டுடுவாங்க. என்னைக் கவுத்தது அந்த செமஸ்டர்தான். அண்ணா பல்கலை இணைப்புக் கல்லூரி, 2021 ரெகுலேஷன்ல, அதாவது அந்த வருஷப் பாடத்திட்டத்துல படிச்சேன். ரெகுலேஷன் மாறினா பாடம் மாறலாம், நான் சொல்லப்போற விஷயம் மாறாது.

ஃபர்ஸ்ட் செம் ரிசல்ட் லீவுல வராது. எங்க பேட்சுக்கு செகண்ட் செம் கிளாஸ் தொடங்கி ஒரு மாசத்துக்கு மேல ஆயிருச்சு, காலேஜே நடத்துற முதல் இன்டர்னல் டெஸ்ட்டும் முடிஞ்சிருச்சு. ஒரு ராத்திரி மெஸ்ல தோசைக்கு நிக்கிறோம். முன்னாடி நின்னவன் போனைப் பாத்துட்டு "டேய், வந்துருச்சு"ன்னான். வரிசை அப்படியே கலைஞ்சுது. தோசை ஊத்துற அண்ணன் கரண்டியோட நிக்கிறார். ரிஜிஸ்டர் நம்பர், பிறந்த தேதி, கேப்ச்சா... கேப்ச்சா தப்பு, மறுபடி தப்பு. பதினொரு மணிக்கு மாடிப்படியில உக்காந்துதான் பாத்தேன். எம்ஏ3151, மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ். பக்கத்துல U, ஃபெயில்னு அர்த்தம்.

வீட்டுல சொல்லல. அப்பா கேட்டப்ப "சைட் டவுன்பா"ன்னேன். அடுத்த வாரமும் சைட் டவுன். விடைத்தாள் ஜெராக்ஸுக்கு அப்ளை பண்ணப் பணம் வேணும், பணம் கேட்டா காரணம் சொல்லணும். கடைசித் தேதி தாண்டிருச்சு. ஜெராக்ஸ் வாங்காம ரீவேல்யுவேஷனும் போட முடியாது. அதே கணக்கு சார்தான் இந்த செமஸ்டருக்கும். அவர் முகத்துல முழிக்கக் கூச்சப்பட்டு அவர் பீரியடுக்கு மட்டும் கட் அடிச்சேன். ஒரு அரியரை மறைக்கப்போய் ரெண்டாவதுக்கு வழி பண்ணிட்டிருந்தேன்.

கடைசியில பெரியப்பா பையன் என் நம்பரைப் போட்டுப் பாத்துட்டான். மறுநாள் அப்பா பஸ் ஏறி வந்துட்டார். அரியர்னா ஃபீஸ் பாக்கின்னு நெனச்சு 4,000 ரூபாய் புரட்டிட்டு வந்திருந்தார். கேட் பக்கத்து டீக்கடையில வச்சு அது பாக்கி இல்ல, பாடம்னு புரியவைக்கவே அரை மணி நேரம் ஆச்சு. "அப்ப இது திருப்பிக் கட்ட வேண்டாமா?"ன்னு கேட்டார். எழுதித்தான் கட்டணும்பான்னேன்.

அன்னைக்கே அந்த சார்கிட்ட போனேன். ஒரு துண்டுச் சீட்டுல கணக்குப் போட்டுக் காட்டினார். இன்டர்னல் 40, யுனிவர்சிட்டி பரீட்சை 60. உனக்கு இன்டர்னல் 31. பரீட்சையில 100க்கு 45 கட்டாயம் எடுக்கணும், 60க்கு மாத்தினா அது 27 ஆகும். மொத்தம் 58, பாஸுக்கு 50 போதும். அவ்வளவுதானான்னு இருந்துச்சு. ஐகன் வேல்யூங்கிற பகுதி ரெண்டு செமஸ்டர் கணக்குலயும் வருது, செகண்ட் செம்ல பவர் மெதட்னு கால்குலேட்டர் வச்சுப் போடணும், சேர்த்தே படின்னார். மல்டிபிள் இன்டெக்ரல்ஸ் யூனிட் பக்கம் நான் கடைசி வரைக்கும் போகல. ரெண்டுலயும் பாஸ்.

மெக்கானிக்கல், நெல்லை

எங்களுக்கு வில்லன் இன்ஜினியரிங் கிராபிக்ஸ். அதுவும் 4 கிரெடிட், அவ்வளவு வெயிட்டான பாடம். டிராஃப்டர்னு டேபிள்ல மாட்டிக் கோடு போடுற கருவி, அதோட திருகை எவ்வளவு முறுக்கினாலும் ஷீட்டுல பாதிக் கோடு போடும்போது வழுக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கலாம். சாலிட்ஸ், அதான் கன உருவங்கள், வந்தப்பதான் தலை சுத்திச்சு. அறுகோணப் பிரமிடு தரையில சாஞ்சு கிடக்காம், மேல இருந்து பாத்தா எப்படித் தெரியும்னு வரையணுமாம். போர்டுல இருந்ததை அப்படியே காப்பி அடிச்சுக்கிட்டே வந்தேன். டைட்டில் பிளாக்ல என் பேரு மட்டும்தான் என் சொந்த வேலை.

லீவுக்கு வீட்டுக்குப் போனப்ப அம்மை சாம்பாருக்கு முள்ளங்கி நறுக்கிக்கிட்டு இருந்தா. ஒண்ணை எடுத்து கூம்பா சீவினேன். சாய்வா ஒரு வெட்டு வெட்டினா வெட்டின முகம் நீள்வட்டம். பக்கவாட்டுக் கோட்டுக்கு இணையா வெட்டினா பரவளையம். எட்டு முள்ளங்கி காலி. "ஏல, கொழம்புக்கு என்ன போடுதது?"ன்னு சத்தம் போட்டா. அன்னைக்கு சாம்பாருல முள்ளங்கி பரவளையமாத்தான் மிதந்துச்சு. அதுக்கப்புறம் துணி சோப்பைச் சீவி பிரமிடு, பட்டகம் எல்லாம் செஞ்சு ஹாஸ்டல் ஜன்னல்ல வச்சிருந்தேன். பரீட்சைக்கு முந்தின ராத்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தவங்க எத்தனை பேர்னு கணக்கே இல்ல. அதுல ஒருத்தன் பிரமிடோட குளிக்கப் போயிட்டான்.

சிவில், 2021 பேட்ச்

அட்டெண்டன்ஸ். ஃபர்ஸ்ட் செம்ல பயந்து எல்லா கிளாஸுக்கும் போவோம், செகண்ட் செம்ல கால் தரையில நிக்காது. சிம்போசியம், கல்ச்சுரல்ஸ், ஊர்த் திருவிழா, சித்தி பொண்ணு கல்யாணம். எல்லாம் போயிட்டு வந்து நிக்கும்போது எனக்கு 77 சதவீதம். அப்பப் பாத்து டைஃபாய்டு. 68ல வந்து நின்னேன். 75 வேணும். 65க்கு மேல இருந்தா மெடிக்கல் சர்டிஃபிகேட் காட்டி எழுதலாம், அதுக்குக் கீழ போனா அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்கணும். காய்ச்சலுக்கு வைக்க வேண்டிய நாளை நான் கல்யாணத்துல சாப்பிட்டுத் தீர்த்திருந்தேன்.

சிஎஸ்இ, கோவை

மேல எல்லாரும் அரியரையே பேசுறீங்க. பாஸான கும்பல்லயும் ஒரு பிரச்சனை இருக்கு. புரோகிராமிங் மொழில ஃபர்ஸ்ட் செம்ல பைத்தான், செகண்ட் செம்ல சி. "பைத்தானே வந்துருச்சு, சி எதுக்கு?"ன்னு மெமரி முகவரியை வச்சு வேலை செய்ற பாயின்டர் யூனிட்டை மனப்பாடம் பண்ணித் தள்ளிட்டேன். மூணாவது செமஸ்டர்ல டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், லிங்க்டு லிஸ்ட். பாயின்டர் தெரியாம அதுல ஒரு வரி நகராது. லேப்ல பக்கத்து சிஸ்டத்தை எட்டிப் பாத்தே ஒரு செமஸ்டர் ஓட்டினேன்.

பேர் வேண்டாமே

அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வாங்குன பொண்ணு நான். ஃபர்ஸ்ட் செம் முழுக்க வகுப்புல நான் பேசின ஒரே வார்த்தை "பிரசன்ட் மேம்".

செகண்ட் செம்ல தமிழரும் தொழில்நுட்பமும்னு ஒரு பாடம். 1 கிரெடிட்தான், அந்த பீரியட்ல பாதிப் பேர் கிராபிக்ஸ் ஷீட் போட்டுட்டு இருப்பாங்க. ஒருநாள் மேம் சோழர் காலத்துக் குமிழித் தூம்பு, அதான் ஏரித் தண்ணியைத் திறந்து விடுற அமைப்பு, பத்திச் சொல்லிட்டு, "யாராச்சும் பாத்திருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க. எங்க ஊர்க் கண்மாய்க்குள்ள அந்தத் தூம்போட ரெண்டு கல்தூண் நிக்கும், நான் சின்ன வயசுல இருந்து பாக்கிறது. கை தூக்கிட்டேன். எழுந்து நின்னப்புறம்தான் பயமே வந்துச்சு. கரையை விட்டுத் தள்ளி தண்ணிக்குள்ளேயே தூம்பு இருக்கும். மேல ஒரு துளை, அடியில சின்னத் துளைங்க. மேல் துளையோட மூடியைத் தூக்கினா பாசனத்துக்குத் தண்ணி போகும். சின்னத் துளைங்க வழியா சேறு கலங்கி வெளியேறும். தாத்தா சொன்னதை அப்படியே சொன்னேன். போர்டுல வரைன்னாங்க, வரைஞ்சேன். ஷீட் போட்டுட்டு இருந்தவங்க தலை தூக்கிப் பாத்தாங்க.

இங்கிலீஷ் ஒரே நாள்ல வந்துடல. ஆனா அதுக்கப்புறம் லேப்ல டவுட் கேக்க ரெண்டு பேர் என்கிட்ட வந்தாங்க, நானும் அவங்ககிட்ட கேக்க ஆரம்பிச்சேன். பேசிக் எலக்ட்ரிக்கல் முழுசும் எனக்கு அவங்க சொல்லிக் குடுத்ததுதான்.

இசிஇ, 2022 பேட்ச்

தூம்புப் படம் கைவசம் இருந்தா இங்க போடுங்க மேடம்.

இன்பாக்ஸ்ல ரெண்டு ஜூனியர்ஸ் டிராஃப்டர் புதுசா வாங்கணுமான்னு கேட்டாங்க. வேண்டாம். பரீட்சை முடிஞ்ச மறுநாள் சீனியர் ரூம்ல கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாருங்க, கிடக்கும். திருகு வழுக்குதான்னு மட்டும் டேபிள்ல மாட்டிப் பாத்துட்டு எடுங்க.