பிரெட்டன் வுட்ஸ் மாநாடு ஏன் ஒரு ஹோட்டலில் நடந்தது?

உப்புவெளி ஆசிரியர்:
திருகோணமலையில் உயர்தர மாணவருக்குப் பொருளியல் கற்பிக்கிறேன். 2023 இல் இலங்கைக்குக் கடன் வழங்க முன்வந்த சர்வதேச நாணய நிதியத்துக்கு, 1944 யூலையில் 44 நாடுகள் மவுண்ட் வாஷிங்டன் என்ற ஆடம்பர ஹோட்டலில் கூடியே வடிவம் கொடுத்தன என்று சொன்னபோது, இவ்வளவு பெரிய காரியத்துக்கு அரச மண்டபம் ஒன்று கிடைக்கவில்லையா என்று ஒரு மாணவி கேட்டார். பேச்சுவார்த்தையின் போக்கில் அந்த ஹோட்டலுக்கு ஏதும் பங்கு இருந்ததா?

கொட்டியாரம்:
ஐயா, வாஷிங்டன் நகரின் யூலை வெக்கைக்குள் தம்மை அழைக்கவேண்டாம் என்று இருதய நோயாளியான பிரித்தானியக் குழுத் தலைவர், பொருளியலாளர் கெயின்ஸ் முன்கூட்டியே மன்றாடியிருந்தார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பிரெட்டன் வுட்ஸ் மலைப்பகுதி தெரிவானதற்கு அதுவும் ஒரு காரணம். 1902 இல் திறக்கப்பட்ட அந்த ஹோட்டல் போர்க்காலத்தில் மூடிக்கிடந்தபடியால், ஏறத்தாழ 730 பிரதிநிதிகளுக்காக அவசர அவசரமாகத் திருத்தப்பட்டது. அதன் பங்கு தெளிவாகத் தெரிவது கடைசி நாட்களில்தான். 19 ஆந் திகதி முடியவேண்டிய மாநாடு 22 வரை நீண்டது. அறைகளைக் காலிசெய்யவேண்டிய நேரம் நெருங்கிவிட்டதால், உடன்படிக்கையின் செம்மையான பிரதியை வாசிக்க வாய்ப்பின்றியே எல்லாரும் ஒப்பமிட்டதாகக் கெயின்ஸே பின்னர் எழுதினார். அவருக்கே உரிய கிண்டல் அதில் உண்டென்றாலும், செய்தி பொய்யல்ல.

துறைமுகவாசி:
ஹோட்டலுக்கு இவ்வளவு பெருமை தேவையில்லை என்பது என் கருத்து. உலகின் பொன் இருப்பில் பெரும்பகுதி அமெரிக்காவிடம் இருந்தது; நாணயங்களின் பெறுமதியை ஓர் அவுன்ஸ் பொன் 35 டொலர் என்ற அளவோடு பிணைக்கும் அடிப்படையை மறுக்கும் வலு வேறெவருக்கும் இருக்கவில்லை. நிதியத்துக்கான ஆணைக்குழுவுக்கு அமெரிக்கரான ஹரி டெக்ஸ்டர் வைட் தலைமை தாங்க, அங்கேயே உருவான உலக வங்கிக்கான ஆணைக்குழு கெயின்ஸிடம் விடப்பட்டது. எந்தக் கூரையின்கீழ் கூடியிருந்தாலும் முடிவு பெரிதாக மாறியிராது. ஒரே இடத்தில் உண்டு உறங்கி வேலைசெய்ததால் மூன்று வாரத்தில் முடிந்தது, அவ்வளவே.

கன்னியா வாசகர்:
மாணவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள், ஐயா. இந்தியக் குழுவில் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார் இருந்தார். போர்க்காலத்தில் பிரித்தானியாவிடம் குவிந்துபோன ஸ்டேர்லிங் நிலுவையை, அதாவது அது இந்தியாவுக்குப் பவுணில் தரவேண்டியிருந்த கடனை, அக்குழு அங்கே எழுப்பியும் தீர்வு கிடைக்கவில்லை. குடியேற்ற நாடாக இருந்த இலங்கைக்கோ தனி ஆசனமே இல்லை. மாநாடு முடிந்த மூன்றாம் நாள், நமது துறைமுகத்தைத் தளமாகக்கொண்ட பிரித்தானியக் கீழைக் கடற்படை யப்பானியர் வசமிருந்த சுமாத்திராவின் சபாங்கைத் தாக்கியது. போருக்கு நமது துறைமுகம் வேண்டியிருந்தது, பேச்சுக்கு நாம் வேண்டியிருக்கவில்லை. இலங்கை நிதியத்தில் உறுப்பினரானது 1950 இல், மத்திய வங்கி தொடங்கப்பட்ட அதே ஆண்டில்தான்.