பதினாறு பொத்தானில பைலா வருமா? குரூவ்பொக்ஸா, ட்ராக்கரா

#1 வெள்ளவத்தை பேஸ்
புதுசா வாறவைக்கு முதல்ல: பைலா எண்டது ஆறாறா எண்ணுற (6/8) எங்கட ஆட்டப் பாட்டு. குரூவ்பொக்ஸ், அதாவது "பெட்டி", பொத்தான் கட்டங்களில தாளம் அடுக்கிற கருவி. ட்ராக்கர் எண்டது மேலயிருந்து கீழ வரி வரியா இசை எழுதுறது. போன கிழமை ஹெக்ஸன் எழுதினதை இன்னும் ஆக்கள் பகிர்ந்துகொண்டு திரியினம்: "பதினாறு பொத்தான் பெட்டியில பைலா வராது. 16ஐ 6ஆல பிரிச்சுக் காட்டட்டும், பிறகு கதைப்பம். கையில கொண்டு திரிய ஒண்டு வேணுமெண்டால் ட்ராக்கர் வாங்குங்கோ."

புதுசா வாங்கப் போற பிள்ளையள் இந்தக் கதையை நம்பிக் காசைக் கொட்டக் கூடாது எண்டுதான் எழுதுறன். நோவேஷன் சர்க்கிட் ட்ராக்ஸ் எண்ட பெட்டியை எடுங்கோ. பேட்டர்னின்ர (திரும்பத் திரும்ப ஓடுற துண்டின்ர) முடிவை 12ஆம் கட்டத்தில வையுங்கோ. கிக் 1, 7. கைதட்டு 1, 5, 9. ரெண்டுக்கு எதிரா மூண்டு, ஆட்டம் தானா வரும். டெம்போவில மட்டும் கவனம்: பெட்டி குவாட்டர் நோட்டை (நாலு கட்டம்) எண்ணுது, நீங்கள் எண்ணுறது ஆறு கட்டத்துக்கு ஒருக்கா விழுற அடி. அந்த அடி 120 வேணுமெண்டால் பெட்டியில 180 வைக்க வேணும். அது கரைச்சலெண்டால் அந்த ட்ராக்கின்ர சிங்க் ரேட்டை (கட்டம் ஓடுற வேகத்தை) எட்டின் ட்ரிப்லெட்டுக்கு, அதாவது ஒரு அடிக்கு மூண்டு கட்டமா மாத்துங்கோ. 12 கட்டத்தில ரெண்டு பார் வரும், டெம்போ 120ஆவே நிக்கும்.

இதில எங்க பைலா வரேல்லை?

#2 ஹெக்ஸன்
16ஐப் பிரிக்கச் சொன்னன். நீர் 12ஐப் பிரிச்சிருக்கிறீர்.

உம்மட பெட்டியில கட்டம் எட்டெட்டா ரெண்டு வரிசை. 12இல வெட்டினால் மேல எட்டு, கீழ நாலு. ரெண்டாவது அடி ஏழாம் பொத்தானில விழுது, அதாவது மேல் வரிசையில கடைசிக்கு முதல் பொத்தானில. அடுத்த பார் எங்க துவங்குது எண்டு இருட்டில கையால தடவிப் பிடிக்க ஏலுமே? நாலு பொத்தான் செத்துக் கிடக்கு. "கை வைச்சால் இசை" எண்டு விக்கிற பெட்டியில கால்வாசிக் கை சும்மா.

கேம் போயில ஓடுற எல்எஸ்டிஜே எண்ட ட்ராக்கரில ஒரு ஃப்ரேஸ் (ஒரு துண்டு), வரியள் 0இல இருந்து எஃப் வரை; ஹெக்ஸ் எண், 9க்குப் பிறகு ஏ எண்டால் 10, சி எண்டால் 12, எஃப் எண்டால் 15. சி வரியில எச்00 எண்ட கட்டளையைப் போட்டால் அந்த இடத்தில அடுத்த ஃப்ரேஸுக்குத் தாவும். வால்ட்ஸ் எழுத அந்தக் கையேடே சொல்லுற வழி அது. டர்ட்டிவேவ் எம்8 எண்ட கையடக்க ட்ராக்கரும் அதே வம்சம்.

#3 வெள்ளவத்தை பேஸ்
நீர் எழுதினதை நீரே ஒருக்கா வாசியும். 0இல இருந்து எஃப் வரை எத்தினை? பதினாறு! சி வரியில எச்00 போட்டு மிச்ச நாலு வரியையும் சாகடிச்சது ஆர்? நான் வெட்டினால் குறை, நீர் வெட்டினால் கலை.

#4 கொட்டாஞ்சேனை கிக்
சோடா போத்தலும் கடலையும் வாங்கிட்டு வந்துட்டேன். தொடருங்க அண்ணே.

#5 ஹெக்ஸன்
வரியும் பொத்தானும் ஒண்டில்லை. வரிக்கு நீளம் இருக்கு, பொத்தானுக்கு இல்லை. இது விளங்காமல்தான் ஊரெல்லாம் பெட்டி வித்துக்கொண்டு திரியினம்.

எல்எஸ்டிஜேயில குவாட்டர் நோட்டுக்கு 24 டிக் (நேரத் துளி). வழமையா குரூவ், அதாவது வரிக்கு எத்தினை டிக் எண்டது, 6/6, நாலு வரிக்கு ஒரு அடி. குரூவை 8/8 ஆக்கினால் மூண்டு வரியில அடி முடியும், பாட்டு முழுக்க 6/8க்குள்ள போயிடும், ஒரு சுரத்தையும் நகர்த்தத் தேவையில்லை. 7/5 போட்டால் மெல்லிய சாய்வு, 8/4 போட்டால் நல்லாச் சாயும். கூட்டுத்தொகை 12ஆ இருக்கிறவரை டெம்போ அசையாது.

ஒரே ஒரு அடியை மட்டும் மூண்டாப் பிரிக்க வேணுமே? அமிகாவின்ர ட்ராக்கரான ப்ரோட்ராக்கரின்ர முறை. ஸ்பீட் (வரிக்கு எத்தினை டிக்) 6இல இருக்க வேணும். முதல் வரியில சுரம். ரெண்டாம் வரியில சுரத்தோட ஈடி2 (சுரத்தை ரெண்டு டிக் பிந்த வைக்கிற கட்டளை). மூண்டாம் வரியில ஈடி4. நாலாம் வரி காலி. டிக் கணக்கு 0, 8, 16. மூண்டும் சரிசமன். ஆக்கள் பிழை விடுற இடம்: ஸ்பீடை 4க்கு இறக்கிப்போட்டு ஈடி4ஐ அப்பிடியே விடுறது. ஸ்பீட் 4இல டிக் 0, 1, 2, 3 தான் இருக்கு. நாலாம் டிக் வராது, சுரம் கேக்காது. பிறகு "சாம்பிள் பழுது" எண்டு அழுவினம்.

பெட்டிக்காரர் இதைச் செய்து காட்டட்டும்.

#6 வெள்ளவத்தை பேஸ்
செய்து காட்டுறன். சர்க்கிட் ட்ராக்ஸில ஒரு கட்டத்துக்கு 6 மைக்ரோ ஸ்டெப் (கட்டத்துக்குள்ள சின்னக் கட்டம்). நாலு கட்டத்துக்கு 24. முதலாம் கட்டத்தில முதல் மைக்ரோ, ரெண்டாம் கட்டத்தில மூண்டாம் மைக்ரோ, மூண்டாம் கட்டத்தில அஞ்சாம் மைக்ரோ. 0, 8, 16. உம்மட ஈடி2, ஈடி4 அதேதான், ஆனால் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

டிஜிடாக்ட் எண்ட பெட்டியில இன்னும் சுகம். அந்த ட்ராக்கின்ர ஸ்கேலை (ஓடுற வேகத்தை) 3/4 ஆக்கினால் போதும், அது மட்டும் ட்ரிப்லெட்டில போகும், மற்ற ஏழும் தன்ர பாட்டில நிக்கும். 1980இல வந்த ரோலண்ட் டிஆர்-808 தாளப் பெட்டியிலயே ட்ரிப்லெட்டுக்கு ப்ரீ-ஸ்கேல் சுவிட்ச் இருந்தது. பதினாறு பொத்தானை வைச்சுக்கொண்டு உலகம் அவ்வளவு காலமா 4/4 மட்டுமே அடிச்சது?

#7 ஹெக்ஸன்
16ஐ 6ஆல இன்னும் பிரிக்கேல்லை.

#8 தாளக்காரி
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. ஹெக்ஸன் அண்ணை பாதிக் கதையைத்தான் சொல்லுறார்.

எல்எஸ்டிஜேயில நாலு சானலும் தனித்தனியா ஓடுது. எச்00ஐ ஒவ்வொரு சானலிலயும், ஒவ்வொரு ஃப்ரேஸிலயும் போட வேணும். ஒரு ஃப்ரேஸில மறந்தால் அந்தச் சானல் நாலு வரி பிந்தும், பாட்டு முடியும்வரை பிந்தினபடியே போகும். ஒரு சானல் முழுக்கவே மறந்தால் இன்னும் மோசம்: மூண்டு ஃப்ரேஸில 48 வரி, மற்றவைக்கு நாலு ஃப்ரேஸில 48. அங்க திரும்பச் சேரும். சேருற இடத்தில மட்டும் காது வைக்கிறவருக்குப் பிழை பிடிபடாது. ப்ரோட்ராக்கரில இந்தத் தலையிடி இல்லை. 0இல இருந்து எண்ணி 47ஆம் வரியில ஏதாவது ஒரு சானலில டி00 (பேட்டர்னை உடைச்சு அடுத்ததுக்குத் தாவுற கட்டளை) போட்டால் நாலும் சேர்ந்து உடையும்.

அடுத்தது, ஏன் எல்லாரும் ஆறிலயே நிக்கிறியள்? மிஸ்ர சாபுக்கு (ஏழு எண்ணுற தாளம்) 14 கட்டம் வையுங்கோ: அடி 1, 7, 11இல. கண்ட சாபுக்கு (அஞ்சு எண்ணுறது) 10: 1, 5. பெட்டியிலயும் வரும், ட்ராக்கரிலயும் வரும். கேள்வி அது இல்லை. சர்க்கிட் ட்ராக்ஸில ஒரு ட்ராக்குக்கு 8 பேட்டர்ன், ஒண்டில கூடினால் 32 கட்டம். 12 கட்டத்தில ஒரு பார் எழுதினால் ஒரு பேட்டர்னுக்கு ரெண்டு பார்தான் கொள்ளும், எட்டுக்கும் சேர்த்து 16 பார். அதுக்கு மேல புதுசா எழுத இடமில்லை, சீனை (சேமிச்ச பேட்டர்ன் அடுக்கை) மாத்தி மாத்திப் பழசையே அடுக்க வேணும். பாட்டுப் பெரிசெண்டால் ட்ராக்கர். மேடையில நிண்டு மாத்தி மாத்தி வாசிக்கிறதெண்டால் பெட்டி.

#9 ஹெக்ஸன்
தங்கச்சி, முதல் பந்தியில என்னைத் திருத்த வெளிக்கிட்டு, கடைசிப் பந்தியில என்ர கட்சிக்கு வந்திட்டீர். நன்றி.

டி00 பற்றி ஒண்டு. டி00 இருக்கிற வரி வாசிக்கப்பட்டுத்தான் உடையும். எச்00 இருக்கிற வரி வாசிக்கப்படாது. அதாலதான் அங்க 47, இங்க சி. இங்க கன பேர் பி வரியில எச்00 போட்டு 11 வரியில பைலா அடிக்கினம். பேர் சொல்லேல்லை.

#10 வெள்ளவத்தை பேஸ்
பேர் சொல்லும். பயமே?

#11 ஹெக்ஸன்
போன வருஷம் நீர் போட்ட ட்ராக்கை ஆரும் எண்ணிப் பாருங்கோ. அவ்வளவுதான் சொல்லுவன்.

#12 வெள்ளவத்தை பேஸ்
அது எல்எஸ்டிஜேயில செய்ததே இல்லை. டிஜிடாக்ட். 11 எண்டு நீர் எண்ணினது கடைசி அடியை மைனஸ் மைக்ரோ டைமிங்கில முன்னுக்கு இழுத்திருக்கிறதால. காதால கேக்கிறதை விட்டுட்டு வரியை எண்ணிக்கொண்டிருந்தால் அப்பிடித்தான்.

#13 மூன்றாம் குறுக்குத்தெரு
மச்சான்மாரே, 16ஓ 12ஓ, பெட்டி ஓடினாத்தானே! முதல் பதிவுல "கையில கொண்டு திரிய" எண்டு போட்டுட்டு ஒருத்தரும் பவர் பத்திப் பேசல்ல.

சர்க்கிட் ட்ராக்ஸ் உள்ளுக்குள்ள பேட்டரி, சுமார் 4 மணி நேரம். போலிஎண்ட் ட்ராக்கர் மினிக்கு 8 மணி நேரம் வரைக்கும்னு கம்பனி சொல்லுது. பழைய பெரிய போலிஎண்ட் ட்ராக்கர்ல பேட்டரியே இல்ல, யூஎஸ்பி 5 வோல்ட். ரோலண்ட் எம்சி-101 பெட்டிக்கு டபுள்ஏ நாலு, நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் போடுங்க, பெட்டிக்கடைல தனியா விக்கிற சாதாரண பேட்டரி போட்டா கொஞ்ச நேரத்துல விழுந்துரும். டிஜிடாக்ட் 12 வோல்ட். அதுக்கு பவர் பேங்க் தேடுறவங்க பெட்டில இருக்கிற எழுத்தை வாசிச்சிட்டு வாங்குங்க. நெறைய பவர் பேங்க் 5, 9, 15, 20 தான் குடுக்கும், 12 குடுக்காது. ட்ரிகர் கேபிள் (பவர் பேங்க்கிட்ட இத்தனை வோல்ட் வேணும்னு கேக்குற கேபிள்) 12 கேட்டும் கிடைக்கல்லன்னா 9ல நின்றுரும், பெட்டி எழும்பாது.

பவர் பேங்க்ல இன்னொரு சனியன்: சின்னப் பெட்டி குறைஞ்ச கரண்ட் இழுத்தா "ஒண்ணும் மாட்டல்ல"ன்னு நினைச்சு அதுவா நின்றுரும். பாட்டு நடுவுல. ரெண்டு பெட்டியை ஒரே பவர் பேங்க்ல குத்தி ஒரே மிக்ஸர்ல போட்டா கீ...ன்னு ஒரு சத்தம் வரும், டெம்போவோட சேர்ந்து துடிக்கும். அது கிரவுண்ட் லூப், பவர் வழியாவும் ஓடியோ வழியாவும் கிரவுண்ட் ஒரு வட்டமா சுத்துறது. கேபிள் மாத்தி மாத்தி காசு கரைக்காம ஒண்ணுக்குத் தனி பவர் குடுங்க, இல்லாட்டி ஓடியோ லைன்ல ஐசொலேட்டர் போடுங்க.

#14 ஹெக்ஸன்
கேம் போய்க்கு டபுள்ஏ நாலு போதும். ஐசொலேட்டரும் வேண்டாம், ஆட்டுக்குட்டியும் வேண்டாம்.

#15 மூன்றாம் குறுக்குத்தெரு
கேம் போய் ஹெட்போன் அவுட்ல வர்ற இரைச்சலைப் பத்தியும் ஒரு வரி சொல்லுங்களேன்? ப்ரோ சவுண்ட் மொட் (இரைச்சல் குறைய ஓடியோ அவுட்டை மாத்துறது) பண்ணாத கேம் போயைக் கொண்டுவந்து பெரிய ஸ்பீக்கர்ல போட்டா மழை பெய்யுற மாதிரி இருக்கும்.

#16 ஹெக்ஸன்
அது இரைச்சலில்லை. குணம்.

#17 கொட்டாஞ்சேனை கிக்
சர்க்கிட்டில நாலு பொத்தான் எரியாட்டி "செத்துப் போச்சு". கேம் போய் இரைஞ்சா "குணம்". வொலி பஸ்டியன் பைலாவை ஊர் முழுக்கப் பாட வச்சப்போ பொத்தானும் இல்ல, வரியும் இல்ல. யாராவது அவர்கிட்ட 16ஐ 6ஆல பிரிக்கச் சொல்லியிருப்பாங்களா?

#18 ஹெக்ஸன்
பஸ்டியன் சீக்குவென்ஸர் வாங்கச் சொல்லி ஆரையும் ஏமாத்தேல்லை. அதுதான் வித்தியாசம்.

வரலாறு கேட்டால் சொல்லுறன். 1987இல கார்ஸ்டன் ஓபார்ஸ்கி அமிகாவுக்கு அல்டிமேட் சவுண்ட்ட்ராக்கர் செய்யேக்க நாலு சானல், 15 சாம்பிள். அதில இருந்து ஒரு உலகமே வந்தது. குரூவ்பொக்ஸ் எண்ட பேரே 1996இல ரோலண்ட் எம்சி-303ஐ விக்கிறதுக்குக் கொண்டுவந்தது. ஒண்டு தேவைக்குப் பிறந்தது, மற்றது விளம்பரத்துக்குப் பிறந்தது.

#19 வெள்ளவத்தை பேஸ்
ஓபார்ஸ்கி ஒரு கேமுக்கு இசை போடத்தான் அதைச் செய்தவர், பிறகு அது கடையில விலைக்கு வித்த சாமான். விக்கிறது பாவமெண்டால் ரெண்டும் பாவம்தான். அதோட அந்த 15 சாம்பிளையும் இப்ப புகழுற நீர்தான் போலிஎண்டின்ர முதல் ட்ராக்கரில 133 விநாடி மோனோ சாம்பிள் இடம் காணாது எண்டு மூக்கால அழுதது. பழசைத் தேடி எடுத்துப் போடட்டே?

#20 ஹெக்ஸன்
போடும். 133 விநாடி காணாது எண்டது உண்மை. எம்8 சாம்பிளை மைக்ரோ எஸ்டி கார்ட்டில இருந்தே நேர வாசிக்குது, அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மலிவுக் கார்ட்டைக் குத்திப்போட்டு எட்டு சானலிலயும் நீட்டுச் சாம்பிள் விட்டால் திக்கும். அதுக்கு எம்8 என்ன செய்யும்?

கேள்வியை மாத்தாதையும். 16. 6.

#21 தாளக்காரி
அண்ணை, 8/8 குரூவ் எண்டு நீங்கள் சொன்னதிலயும் ஒரு பொறி இருக்கு. 16 வரி ஃப்ரேஸில மூண்டு வரிக்கு ஒரு அடியெண்டால் அஞ்சு அடியும் ஒரு வரியும். திரும்ப எச்00 போட்டு 12க்கு வெட்டத்தான் வேணும். நீங்களும் பதினாறைப் பிரிக்கேல்லை.

#22 வெள்ளவத்தை பேஸ்
ஆ! கேட்டுதே?

#23 ஹெக்ஸன்
நான் பிரிக்கத் தேவையில்லை. பிரிக்க ஏலும் எண்டு சொன்னது பெட்டிக்காரர்.

#24 வெள்ளவத்தை பேஸ்
நான் எங்க சொன்னன்? காட்டும். வரி நம்பரோட காட்டும், ஹெக்ஸிலயே காட்டும்.

#25 மூன்றாம் குறுக்குத்தெரு
இடையில வந்ததுக்கு மன்னிக்கணும். பொக்கெட் ஒப்பரேட்டர்ங்கிற சின்னப் பெட்டியை சர்க்கிட்டோட சிங்க் பண்ணுறவங்க (சேர்ந்து ஓட வைக்கிறவங்க) யாரும் இருக்கீங்களா? சிங்க் அவுட் குவாட்டர் நோட்டுக்கு 2 பல்ஸ்ல இருக்கு, ஓடுது, ஆனா 12 கட்ட பேட்டர்னோட சேருதே இல்ல.

#26 தாளக்காரி
சேராது. பொக்கெட் ஒப்பரேட்டரில பேட்டர்ன் 16தான், குறைக்க ஏலாது. 48 கட்டத்துக்கு ஒருக்காத்தான் ரெண்டும் ஒண்டாத் துவங்கும். மூண்டு பேட்டர்னைச் செயின் பண்ணி, 48 கட்டத்தையும் நாலு பார் எண்டு நினைச்சு எழுதுங்கோ: 1, 13, 25, 37இல பார் துவங்கும். கோர்க் வொல்கா பெட்டியெண்டால் அக்டிவ் ஸ்டெப்பில கடைசி நாலையும் நிப்பாட்டினால் 12 ஆகும்.

#27 ஹெக்ஸன்
பாத்தியளே. 16 பொத்தான் பெட்டியில பைலா வராது எண்டு அவவே எழுதிப்போட்டா.

#28 தாளக்காரி
நான் எழுதினது பொக்கெட் ஒப்பரேட்டரைப் பற்றி. அதிலயும் வரும் எண்டுதான் எழுதினன். வாசிக்கத் தெரியாதே?

#29 வெள்ளவத்தை பேஸ்
அவருக்கு எஃபுக்கு அங்கால வாசிக்க வராது.

#30 ஹெக்ஸன்
பெட்டியளை இணைக்கிற மிடி அடாப்டர் டைப் ஏயா பியா எண்டு தெரியாமல் மூண்டு மாசம் "பெட்டி பழுது" எண்டு எழுதினவர் எனக்கு வாசிப்புப் படிப்பிக்கிறார். ரெண்டிலயும் பிளக் ஒண்டு, உள்ளுக்குள்ள டிப்பும் ரிங்கும் மாறி இருக்கும் எண்டு சொல்லிக் குடுத்ததே நான்தான். என்ர டைப் பி அடாப்டர் இன்னும் உம்மட்டத்தான் கிடக்கு.

#31 வெள்ளவத்தை பேஸ்
அது டைப் ஏ. அதாலதான் வேலை செய்யேல்லை.

#32 மூன்றாம் குறுக்குத்தெரு
ரெண்டு டைப்பும் கடைல இருக்கு மச்சான். எது வேணும்னு மல்டிமீட்டர்ல பாத்துட்டு வாங்க: 5 பின் பக்கம் பின் 5 டிப்புக்குப் போனா ஏ, பின் 4 டிப்புக்குப் போனா பி.

#33 ஹெக்ஸன்
என்னட்ட மல்டிமீட்டர் இருக்கு. அடாப்டர்தான் இல்லை.