புதுப்பிப்பு: 1972 செவ்ரோலே சி10 டிரக்கின் எரிபொருள், கியர்பாக்ஸ் கூலர் குழாய்கள்

என் பழைய சி10 டிரக்கில் 5.3 லிட்டர் எல்.எஸ். எஞ்சினும் (ஜெனரல் மோட்டார்ஸின் வி8 வகை) 4எல்60ஈ தானியங்கி கியர்பாக்ஸும் பொருத்தும்போது எந்தக் குழாய்கள் போடலாம் என்று கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வண்டி ஓடுகிறது, இப்போது ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லை.

எரிபொருளுக்கு, டெஃப்லான் உட்குழாய் கொண்ட ஹோஸ் போடச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. முதலில் போட்ட ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவே எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆவி வெளியேறி, கொட்டகை முழுவதும் வாடை அடித்தது. மாற்றியபின் அது அறவே நின்றுவிட்டது. எரிபொருள் அழுத்தமும் 58 பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு 58 பவுண்டு) அசையாமல் நிற்கிறது. ரப்பர் ஹோஸுக்கான இணைப்பிகள் இதற்குப் பொருந்தாது; டெஃப்லானுக்கு உரியவற்றையே வாங்குங்கள்.

கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலருக்கு 3/8 அங்குல நிக்கல்-செம்புக் குழாய் போட்டேன். எஃகைவிட மிக எளிதாக வளைகிறது.

எதிர்பாராத சிக்கல் இங்கேதான் வந்தது. பிரேக் குழாய்க்கான கருவியால் இந்தக் குழாயின் முனையை 45 பாகையில் புனல்போல் விரித்திருந்தேன். நான் போட்ட ஏ.என். வகைத் திருகு இணைப்பிக்கு வேண்டியது 37 பாகை. எவ்வளவு இறுக்கியும் எண்ணெய் கசிந்தது. முனையை வெட்டி, சரியான கருவியால் மறுபடி விரித்ததும் கசிவு நின்றது.