கலைச்சொல் தேவை: கிராங்க் ஆயில் சீல் (‘முத்திரை’ வேண்டாம்)

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய காரைத் தாங்களே பழுதுபார்க்க நினைப்பவர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மாருதி 800-இன் என்ஜினில் முன்பக்க ஆயில் சீல் மாற்றும் பாடத்தில் பேனா நின்றுவிட்டது. கணினி மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தால் ‘முன் முத்திரை கசிகிறது’ என்கிறது. தாசில்தார் அலுவலகத்தில் மைப்பெட்டி கவிழ்ந்ததுபோல் இருக்கிறது.

வண்டிப் பழக்கம் இல்லாதவர்களுக்காகப் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வருவதைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். அதன் ஒரு முனை என்ஜினை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வால்வுகளைத் திறந்து மூடும் காம் ஷாஃப்ட்டைக் கிராங்க்கோடு இணைக்கும் டைமிங் பெல்ட்டை ஓட்டும் பல்சக்கரமும் அதற்கு வெளியே புல்லியும் அந்த முனையில்தான் மாட்டியிருக்கும். உள்ளே எண்ணெய், வெளியே காற்று, நடுவே நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் தண்டு. அது சுற்றவும் வேண்டும், எண்ணெய் வெளியே வரவும் கூடாது. இந்த வேலையைச் செய்வது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ரப்பர் வளையம். உள்சுற்றில் மெல்லிய உதடு. அந்த உதட்டைத் தண்டோடு அணைத்துப் பிடிக்க, முடி கனத்தில் ஒரு சுருள் ஸ்பிரிங். ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்கவேண்டும். திருப்பிப் போட்டால் மறுநாளே தரையில் கோலம்.

போன சனிக்கிழமை என் வண்டியிலேயே மாற்றினோம். டாப் கியரில் போட்டு நான் பிரேக்கை மிதித்துக்கொள்ள, மெக்கானிக் அண்ணன் புல்லி போல்ட்டைக் கழற்றினார். பெல்ட் கவரைத் திறந்ததும் பெல்ட்டின் ஒரு ஓரம் எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. “சீல் காசு சின்னக் காசு தம்பி, இதைக் கவனிக்காம விட்டா பெல்ட் தின்னுடும்” என்றார். பழைய சீலைத் துணி சுற்றிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து என் கையில் போட்டார். வளைத்தேன். ஆறிப்போன முறுக்குபோல் நொறுங்கியது. சூட்டில் வெந்து வெந்து ரப்பர் கல்லாகிவிட்டதாம்.

எனக்குத் தோன்றிய சொற்கள்: அடைப்பான், கசிவுத்தடுப்பான், எண்ணெய் வழிப்பான். மூன்றிலும் மனம் ஒட்டவில்லை. சொல்லுங்கள்.

*

மறு: கலைச்சொல் தேவை

> அடைப்பான்

வேண்டாம் ஐயா. அடைப்பு என்றாலே சாக்கடையும் இதயமும்தான் நினைவுக்கு வரும். அதோடு, அடைத்துக்கொண்டால் தண்டு எப்படிச் சுற்றும்? பாட்டில் மூடிக்கு வேண்டுமானால் அடைப்பான் சரி.

> எண்ணெய் வழிப்பான்

நல்ல யோசனை, ஆனால் ஆபத்தானது. ஆட்டுக்கல்லில் மாவை வழித்து எடுக்கிறோமே, அந்த வழித்தலை நினைத்துச் சொல்கிறீர்கள் என்று புரிகிறது. படிப்பவர் காதில் ‘எண்ணெய் வழியுது’ என்றுதான் விழும். எது நடக்கக் கூடாதோ அதையே பெயராக வைத்ததுபோல் ஆகிவிடும். பிஸ்டனில் சிலிண்டர் சுவரின் எண்ணெயை வழித்துக் கீழே தள்ளும் ஒரு ரிங் இருக்கிறது. அந்தச் சொல்லை அதற்கு எடுத்துவையுங்கள்.

என் பங்குக்கு: ‘எண்ணெய்க்காப்பு’. வளையமாகவும் இருக்கிறது, காக்கவும் செய்கிறது. கிராங்க் ஷாஃப்ட்டுக்கு ‘வணரித்தண்டு’ என்ற சொல் இருக்கிறது. வணர் என்றால் வளைவு. யாழின் வளைந்த தண்டைச் சங்கப் புலவர்கள் வணர்கோடு என்றார்கள். ஆக, ‘வணரித்தண்டு முன் எண்ணெய்க்காப்பு’.

*

மறு: மறு: கலைச்சொல் தேவை

திருச்சிக்காரன் என்பதால் குறுக்கிடுகிறேன். எங்கள் பக்கம் எண்ணெய்க்காப்பு என்றால் சாமிக்கு எண்ணெய் சாத்துவது. ஸ்ரீரங்கத்தில் ஆனி மாதம் ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டிப் பெரிய பெருமாளுக்குத் தைலக்காப்பு நடக்கும். ‘எண்ணெய்க்காப்பு கெட்டுவிட்டது’ என்று கையேட்டில் எழுதினால் பட்டாச்சாரியார்கள் சண்டைக்கு வருவார்கள்.

‘காப்பு’ மட்டும் அருமை. அதை விட்டுவிடாதீர்கள்.

*

மறு: மறு: மறு: கலைச்சொல் தேவை

ரப்பர் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு திருத்தம். சீல் எண்ணெயை முழுக்கத் தடுக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறீர்கள். உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருந்தே தீரவேண்டும். அது இல்லாவிட்டால் உதடு கருகிவிடும். நல்ல உதடு, வெளியே வரப் பார்க்கும் எண்ணெயைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் ‘தடுப்பான்’ பாதி உண்மைதான்.

புதுச் சீலைப் போடும்போது உதட்டில் துளி என்ஜின் எண்ணெய் தடவச் சொல்வதும் இதற்குத்தான். டெஃப்லான் உதடு வைத்த சீலுக்கு மட்டும் இது பொருந்தாது. அதை உலர்ந்தபடியே போடவேண்டும். கையேட்டில் இதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. நைட்ரைல் ரப்பர் சூட்டில் சீக்கிரம் இறுகும், வைட்டான் என்ற ரப்பர் தாங்கும். ஆனால் மாற்றிய சீல் சில மாதத்திலேயே மறுபடி ஒழுகினால் ரப்பரைத் திட்டாதீர்கள். தண்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். உதடு பட்ட இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை சீல் போட்டாலும் நிற்காது. மெல்லிய எஃகு உறை ஒன்றைத் தண்டின்மேல் செருகி அதன்மேல் சீல் போடலாம். பள்ளமும் இல்லையென்றால், என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயைப் பாருங்கள். அது கரியால் அடைத்திருந்தால் என்ஜினுக்குள் காற்றழுத்தம் ஏறி எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும்.

சொல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் ‘சீல்’ என்றே பிழைத்தோம்.

*

மறு: மறு: மறு: மறு: கலைச்சொல் தேவை

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கட கராஜுகளிலும் ‘ஒயில் சீல்’ தான். ஒரு சந்தேகம்: ‘முன்’ எண்டால் எதுக்கு முன்? சின்னக் கார்களில எஞ்சின் குறுக்காக் கிடக்குது. புல்லி இருக்கிறது காரின்ர பக்கவாட்டில. பெடியன் ஒருத்தன் கையேட்டைப் பாத்து ரேடியேட்டருக்குப் பின்னால தேடப் போறான்.

*

மறு: கலைச்சொல் தேவை (எடுத்த முடிவு)

எல்லோருக்கும் நன்றி. யாழ்ப்பாண நண்பர் பிடித்த பிழை சரியான பிழை. என்ஜினின் ‘முன்’ வேறு, காரின் ‘முன்’ வேறு. எனவே முன், பின் இரண்டையும் தூக்கிவிட்டேன். புல்லிப் பக்கம், கியர்பாக்ஸ் பக்கம் என்று எழுதினால் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

சீலுக்கு: தண்டுக்காப்பு.

தண்டைக் காப்பதல்ல, எண்ணெயைக் காப்பதுதானே என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். கைக்காப்பு கையைக் காக்கிறதா என்ன? கையில் போடுவதால் கைக்காப்பு, தண்டில் போடுவதால் தண்டுக்காப்பு. காம் ஷாஃப்ட், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாவற்றுக்கும் இதே சொல் ஓடும். அசையாத இரண்டு பாகங்களுக்கு நடுவே வைக்கும் கேஸ்கட்டோடும் குழம்பாது. அதைப் பட்டறையில் ‘பாக்கிங்’ என்கிறார்கள், அது தனி இழையில்.

வணரித்தண்டு அழகான சொல்தான். அகராதியில் இருக்கட்டும். ஒரே வரியில் இரண்டு புதுச்சொல்லைப் படிப்பவர் தலையில் ஏற்ற எனக்குத் துணிவில்லை. கையேட்டில் ‘கிராங்க்’ என்றே போகிறது.

மெக்கானிக் அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். எதுவும் பேசாமல் புதுச் சீல் ஒன்றை எடுத்து விரல்களைக் குவித்து உள்ளே நுழைக்கப் பார்த்தார். கட்டைவிரல் முட்டில் மாட்டிக்கொண்டது. “பச்சைப் பிள்ளைக்குப் போடுற காப்பு சைஸ்” என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது, ஆனால் நாளைக்கும் ‘சீல்’ என்றுதான் சொல்வார். சொல்லட்டும்.

பாடத்தில் இப்போது இருக்கும் பத்தி இது. குறை இருந்தால் காட்டுங்கள்:

“பழைய தண்டுக்காப்பின் முகத்தில் உள்ள மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மி.மீ. கணக்கு. அது உட்கார்ந்திருந்த பள்ளத்தைத் துணியால் துடையுங்கள். தண்டில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய காப்பின் உதட்டில் எண்ணெய் தடவி (டெஃப்லான் உதடென்றால் தடவாமல்), ஸ்பிரிங் பக்கம் உள்ளே பார்க்க வையுங்கள். காப்பின் வெளிவிட்டத்துக்கு ஏற்ற குழாய்த்துண்டை அதன்மேல் வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் நிறுத்தி, வெளியே எடுத்து, மறுபடி தொடங்குங்கள். எண்ணெய் ஊறிய டைமிங் பெல்ட்டைத் துடைத்துப் போடாதீர்கள், புதிது போடுங்கள். கிராங்க், காம் இரண்டின் குறிகளும் நேர்ப்பட்டதைப் பார்த்த பிறகே பெல்ட்டை இறுக்குங்கள்.”

‘உதடு’ என்பதை ‘இதழ்’ ஆக்கச் சொல்லி மட்டும் யாரும் மடல் போடாதீர்கள்.