பழைய எம்எக்ஸ்-5 உள்ளே அலுமினியம் பொருத்தியவர்கள் அனுபவம் சொல்லுங்கள், முதலில் என்னுடையது

வேலைக்காகக் கோவையிலிருந்து கவென்ட்ரி வந்து ஒன்பது வருடம் ஆகிறது. நாலு வருடம் முன்னால் ஒரு 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினேன். 1.6 லிட்டர் எஞ்சின், சிவப்பு நிறம், கையாலேயே மடக்கித் திறக்கும் துணிக் கூரை. வண்டி என்னவோ ஜப்பானில் செய்ததுதான், ஆனால் முதலில் ஓடிய மாதிரி வண்டியை 1985-ல் கட்டிக் கொடுத்தது இங்கிலாந்தின் வொர்த்திங் ஊரில் இருந்த ஐஏடி என்ற நிறுவனம். பழைய ஆங்கிலேய ரோட்ஸ்டர்களின், அதாவது கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் கார்களின், சாயல் வெளியே நன்றாகவே தெரியும். உள்ளே உட்கார்ந்தால்தான் முழுக்கக் கறுப்பு பிளாஸ்டிக். அந்தக் கறுப்புக்கு நடுவில் கொஞ்சம் அலுமினியம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று முதல் நாளிலிருந்தே எனக்கு ஆசை.

வாங்கியது இவ்வளவுதான்: காற்று வரும் நான்கு உருண்டைத் துவாரங்களுக்கும் வளையம், மீட்டர் டயல்கள் ஐந்துக்கும் வளையம், ரேடியோவைச் சுற்றி ஒரு தகடு, கியர் லிவரைச் சுற்றி ஒரு தகடு, ஒரு கியர் நாப். விற்றவர் ஒரு மணி நேர வேலை என்று சொன்னார். எனக்கு இரண்டு வருடம் ஆனது. அலுமினியத்தைப் பொருத்துவது உண்மையிலேயே சுலபம். முப்பது வருடப் பிளாஸ்டிக்கை உடைக்காமல் கழற்றுவதுதான் வேலை, அதை யாரும் சொல்வதில்லை.

முதல் தப்பு, ஜனவரி மாதம் ஆரம்பித்தது. கராஜில் நாலு டிகிரி குளிர். காற்றுத் துவாரத்தின் ஓரத்தில் தட்டை ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து லேசாக நெம்பினேன், அவ்வளவுதான், பொட்டென்று ஒரு சத்தம், விளிம்பில் நகம் அளவு துண்டு கையோடு வந்துவிட்டது. இத்தனை வருடம் வெயில் தின்ற பிளாஸ்டிக், குளிரில் அப்பளம் மாதிரி. மீதி மூன்றையும் அப்படியே விட்டுவிட்டு ஜூன் வரைக்கும் பொறுத்தேன். வெயிலில் இரண்டு மணி நேரம் வண்டியை நிறுத்தி, உள்ளே நன்றாகச் சூடேறிய பிறகு, உருண்டையின் இதழ்களுக்கு இடையில் இரண்டு பக்கமும் கயிறு கோத்து இரண்டு கையாலும் நேராக இழுத்தேன். மூன்றும் முழுசாக வந்தன. ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். வேறு வழியில்லாமல் பயன்படுத்தினால் நுனியில் துணி டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

நடுவில் இருக்கும் இரண்டு உருண்டைகளையும் எடுத்த பிறகுதான் ரேடியோ சட்டத்தைக் கழற்ற முடியும், ஏனென்றால் அதைப் பிடித்திருக்கும் மேல் கிளிப்புகள் அந்தத் துவாரங்களுக்குள்ளே இருக்கின்றன. டார்ச் அடித்துப் பார்த்து, கிளிப்பை அழுத்திக்கொண்டே சட்டத்தை முன்னால் இழுக்க வேண்டும். கீழ்ப் பக்கத் திருகுகளை எடுத்துவிட்டோமே, ஏன் வரவில்லை என்று பலம் கொடுத்து இழுத்தால் சட்டம் மேலே கீறும். அந்தச் சட்டம் நல்ல நிலையில் இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை.

டயல் வளையங்களுக்கு மீட்டர் பெட்டியையே வெளியே எடுக்க வேண்டும். ஸ்பீடோமீட்டருக்கு இன்னும் கேபிள்தான், அதைப் பின்னால் கையை விட்டுக் கழற்ற வேண்டும், அங்கே கை நுழைய இடம் கிடையாது, பொறுமைதான். கண்ணாடி மூடியைத் திறந்த பிறகு முள்ளில் விரல் படவே கூடாது. என் செட்டில் பெரிய வளையம் இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. சின்ன வளையம் மூன்றில் ஒன்று உட்காரவில்லை. வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால் மற்றதைவிட 0.4 மில்லிமீட்டர் பெரிசு. விற்றவருக்கு எழுதினேன், எமரி பேப்பரில் தேய்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. வட்டமான ஒன்றைக் கையால் தேய்த்து வட்டமாகவே வைத்திருக்க முடியாது. இது எனக்கு நிஜமாகவே கோபம் வந்த இடம். காசு கொடுத்து வாங்குகிறவன் அளவையும் சேர்த்துத்தான் வாங்குகிறான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த வளையத்தையும், சரியாக இருந்த ஒன்றையும் கையோடு கொண்டு போனேன். கோவை கணபதியில் மாமாவுக்கு லேத் பட்டறை இருக்கிறது. அவர் பழையதைத் திருத்தவே இல்லை. "இதைச் சக்கில் பிடிச்சா நசுங்கிடும் மாப்ள, புதுசாவே அடிச்சிரலாம்" என்று ஒரு அலுமினியத் தண்டை மாட்டினார் (சக் என்பது லேத்தில் பொருளைக் கவ்விப் பிடிக்கும் பகுதி). சின்ன பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தொட்டுத் தொட்டு உளி முனையில் விட்டுக்கொண்டே இருந்தார். மண்ணெண்ணெய் விடாவிட்டால் அலுமினியம் உளியில் அப்பிக்கொண்டு பரப்பைக் கீறிவிடும். முதலில் உள்விட்டம், அப்புறம் வெளிவிட்டம், கடைசியில் தண்டிலிருந்து வெட்டி விட்டார், வளையம் சுருள்களோடு தட்டில் விழுந்தது. எடுத்து விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஒரு சுற்று ஓட்டினார். ஓர் இடத்தில் நகம் நின்றது. அந்த இடத்தில் மட்டும் பிசிர் எடுத்து மறுபடி நகத்தை ஓட்டினார். நான் வெர்னியரை நீட்டினேன், அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார். மூன்று சின்ன வளையங்களையும் ஒரே மாதிரி அடித்துக் கொடுத்தார், ஒன்று மட்டும் நிறம் மாறித் தெரியக் கூடாது என்பதற்காக. ஊரிலேயே அனோடைஸ் போட்டுக்கொண்டு வந்தேன், அலுமினியத்தின் மேல் மின்சாரத்தால் ஏற்றும் பாதுகாப்புப் படலம் அது. இன்று டயல்களைப் பார்க்கும்போது முதலில் கண் போவது அந்த மூன்றின் மேல்தான்.

அடுத்தது பளபளப்பு. ரேடியோ தகடு கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு வந்தது. வீட்டுக்குள் வைத்துப் பார்த்தபோது பிரமாதம். ஒரு நாள் சாயங்காலம் ஈவ்ஷம் ஊரிலிருந்து ஏ46 சாலை வழியாகக் கூரையைத் திறந்துபோட்டுத் திரும்பி வருகிறேன், சூரியன் முதுகுக்குப் பின்னால். தோளுக்கு மேலே வந்த வெயில் தகட்டில் பட்டு நேராக என் கண்ணில். இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்பும்போதெல்லாம் ஒரு வெள்ளை வெளிச்சம், பக்கத்தில் வந்த லாரி தெரியவில்லை. அடுத்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டித் தகட்டின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டுதான் வீடு வந்தேன். மறுநாளே கழற்றி, ஸ்காட்ச்பிரைட் நாரால் ஸ்கேல் வைத்து ஒரே திசையில் தேய்த்து மங்கலாக்கினேன். திறந்த வண்டிக்குள் கண்ணாடிப் பாலிஷ் வேண்டவே வேண்டாம், இது அழகு விஷயம் அல்ல.

கியர் நாப் வாங்கும்போது மரையைப் பாருங்கள், மாஸ்டாவுக்கு எம்10 (விட்டம் 10 மில்லிமீட்டர்), பிட்ச் 1.25 (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தூரம், மில்லிமீட்டரில்). வேறு பிட்ச் வந்தால் ஒரு சுற்றுப் போய் நிற்கும், பலம் கொடுத்தால் மரை போய்விடும். முழு அலுமினிய நாப் ஆகஸ்டில் தொட முடியாது, ஜனவரியில் தொடப் பிடிக்காது. நான் மேலே தோலும் கழுத்தில் மட்டும் அலுமினியமும் உள்ளதாக மாற்றிவிட்டேன். கை படுகிற இடத்தில் உலோகம் வேண்டுமா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

கியர் தகடுதான் இன்னும் முடியாத கதை. அது ஒட்டும் வகை. முதல் கோடையிலேயே ஒரு மூலை தூக்கிவிட்டது. காரணம் யோசித்துப் பார்த்தால் எளிது. முப்பது சென்டிமீட்டர் அலுமினியம் ஐம்பது டிகிரி சூட்டு வித்தியாசத்தில் 0.35 மில்லிமீட்டர் நீளும், அடியில் இருக்கும் பிளாஸ்டிக் அதைப் போல மூன்று நான்கு மடங்கு நீளும். நடுவில் மாட்டிய டேப் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. போதாததற்கு அந்தப் பிளாஸ்டிக் சொரசொரப்பானது, மேடுகளில் மட்டும்தான் டேப் ஒட்டுகிறது. முன்னால் வைத்திருந்தவர் டேஷ்போர்டுக்குப் போட்ட சிலிக்கான் பாலிஷ் வேறு. இரண்டாம் முறை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து நன்றாகத் துடைத்து, 3எம் விஎச்பி என்ற இரண்டு பக்கமும் ஒட்டும் வலுவான டேப் போட்டேன். ஒட்டும்போது 21 டிகிரிக்குக் குறையாத சூடு இருந்தால் நல்லது, முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும், அதுவரை வண்டியை வெயிலில் விடக் கூடாது. முன்னைக்கு இப்போது பரவாயில்லை. ஆனாலும் அதன் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

பிந்தைய மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஏர்பேக் மூடி மேலோ அது கிழிந்து திறக்கும் கோட்டிலோ எந்தத் தகடும் ஒட்டாதீர்கள். வெடித்துத் திறக்கும்போது அந்தத் தகடு நேராக முகத்துக்குத்தான் வரும். அப்புறம் இங்கே இருப்பவர்கள் இன்சூரன்ஸ்காரரிடம் மாற்றங்களைச் சொல்லிவிடுங்கள், சின்னதுதானே என்று விடாதீர்கள்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

* * *

டொராண்டோவிலிருந்து:

அண்ணா, என்னுடையது 1999 எம்எக்ஸ்-5, பனிக்காலத்திலும் ஓட்டுகிறேன். எனக்கு வினை வந்தது கதவுப்படித் தகட்டாலும் பெடலாலும். படித்தகடு வெறும் அலுமினியம், பூச்சு ஒன்றும் இல்லை, ஸ்டெயின்லெஸ் திருகு போட்டு இறுக்கினேன். ரோட்டுக்குப் போடும் உப்பு சப்பாத்தோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வரும், அந்த ஈரம் திருகைச் சுற்றித் தேங்கும். இரண்டாம் பனிக்காலம் முடியத் திருகுகளைச் சுற்றி வெள்ளை மா மாதிரிப் பொங்கி, ஒரு திருகு கழராமல் துளையிட்டுத்தான் எடுத்தேன். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர், பிறகு என்ன நடக்கும். இப்போது அனோடைஸ் செய்த தகடு, ஒவ்வொரு திருகுக்கும் அடியில் நைலான் வாஷர். மூன்று பனிக்காலம் தாண்டிவிட்டது.

பெடல் விஷயம் பெரியது. எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் செட் ஒன்றை வாங்கி, பழைய ரப்பருக்கு மேலேயே கிளிப் வைத்து மாட்டினேன். ஒரு மாதம் கழித்து, சிக்னலில் நிறுத்தப் போகும்போது பிரேக் பெடலின் தகடு காலுக்கடியில் ஒரு பக்கமாகத் திரும்பியது. கால் சறுக்கி ஆக்சிலரேட்டரின் ஓரத்தில் பட்டது. முன்னால் ஒரு பிள்ளைத் தள்ளுவண்டி. நல்ல காலம், மறுபடி மிதிக்க நேரம் இருந்தது. வீட்டுக்கு வந்து கழற்றி எறிந்துவிட்டு ரப்பரையே திரும்பப் போட்டேன். பெடலில் அலுமினியம் வேண்டுமென்றால், அந்த வண்டிக்கென்றே செய்ததாக, பெடல் இரும்பில் துளை போட்டு போல்ட்டால் இறுக்குவதாக, மேலே ரப்பர்க் குமிழ் உள்ளதாக இருக்க வேண்டும். கிளிப் வேண்டாம். இதை எல்லாரும் கவனமாக வாசியுங்கோ.

* * *

சிங்கப்பூரிலிருந்து:

என்னிடம் டொயோட்டா 86. ஸ்விட்ச் பலகையைச் சுற்றியும் கதவுக் கைப்பிடியிலும் அலாய் தகடு ஒட்டினேன். இங்கே குளிர்ப் பிரச்சினை இல்லை, திறந்த கார்பார்க்கில் மத்தியானம் நிற்பதுதான் பிரச்சினை. கதவில் நின்ற வாக்கில் ஒட்டிய தகடு மாதம் ஒரு மில்லிமீட்டராவது இறங்கிக்கொண்டே வந்தது. செட்டோடு வரும் நுரை டேப் சூட்டில் பசை மாதிரி ஆகிவிடுகிறது. பிரித்து நல்ல டேப் போட்ட பிறகு நகரவில்லை.

பிரிப்பதற்கு நெம்பவே வேண்டாம். ஹேர் டிரையரால் சூடு காட்டிவிட்டு, பல் இடுக்கில் விடும் நூலைத் தகட்டுக்குப் பின்னால் விட்டு ரம்பம் போல இழுத்தால் டேப் நடுவில் அறுபடும். மிச்சப் பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுக்கலாம், பெட்ரோலியக் கரைப்பான் போட்டால் பிளாஸ்டிக் வெளுத்துவிடும்.

இன்னொன்று, சத்தம். மெல்லிய தகடு 3000 ஆர்பிஎம் தாண்டினால் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, தம்பியை ஓட்டச் சொல்லிவிட்டு நான் ஒவ்வொரு தகடாக விரலால் அழுத்திப் பார்த்தேன். கதவுத் தகட்டை அழுத்தியதும் நின்றது. ஓரத்தில் மெல்லிய ஃபெல்ட் டேப் ஒட்டினேன், போய்விட்டது.

* * *

கவென்ட்ரி, மறுபடியும் நான்:

டொராண்டோ தம்பி, பெடல் பற்றி எழுதியதற்கு மிக்க நன்றி. நானும் அதே மாதிரி கிளிப் செட் ஒன்றை வாங்க என்று இணையக் கடைக் கூடையில் போட்டு வைத்திருந்தேன், நீக்கிவிட்டேன்.

எதில் ஆரம்பிப்பது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். காற்றுத் துவார வளையத்தில் ஆரம்பியுங்கள். அழுத்திப் பொருத்தும் வகை, பசை கிடையாது, பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம், கை படாது, கண்ணிலும் அடிக்காது. வேலை செய்யும் நாள் மட்டும் வெயில் நாளாக இருக்கட்டும். கழற்றிய பழைய பாகம் எதையும் எறியாதீர்கள், திருகுகளைக்கூட ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனிப் பையில் போட்டு மேலே எழுதி வையுங்கள்.

கியர் தகட்டுக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. கியர் லிவரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பெட்டியான கன்சோலைக் கழற்றி, தகட்டின் பின்பக்கம் நான்கு சின்ன மரைக்குச்சி பொருத்தி, கன்சோல் பிளாஸ்டிக்கில் ஓட்டைகளைக் கொஞ்சம் நீளவாக்கில் போட்டு, அடியிலிருந்து நட்டு வைத்து இறுக்கப் போகிறேன். ஓட்டை நீளமாக இருந்தால் இரண்டும் அதனதன் போக்கில் நீளலாம். அளவுகளை நேற்றிரவு வாட்ஸ்அப்பில் மாமாவுக்கு அனுப்பினேன். தகட்டின் தடிமன் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார், இன்று சாயங்காலம் கழற்றி அளந்துவிட்டுச் சொல்ல வேண்டும்.