சவப்பெட்டி வைத்த காபிக் கடை: மரண நினைவா, வேடிக்கையா?

வழிப்போக்கன்:
பாங்காக்கில் மரணத்தை நினைவூட்டுவதற்கென்றே நடத்தப்பட்ட காபிக் கடை ஒன்றுக்கு 2019-இல் போயிருந்தேன். வாழ்வின் நோக்கம் என்னவென்று கேட்கும் வாசகங்கள் எழுதிய இருண்ட நடைவழியைக் கடந்து உள்ளே நுழைந்தால், ‘வலி’, ‘மரணம்’ என்று பெயரிட்ட பானங்கள். ஓரமாக ஒரு சவப்பெட்டி. அதில் படுத்து, மூடியைச் சாத்தியபடி சில நிமிடங்கள் இருப்பவருக்கு விலையில் தள்ளுபடி தந்தார்கள். மூடி விழுந்ததும் என் மூச்சுச் சத்தம் மட்டுமே கேட்டது. தங்கையோடு மூன்றாண்டுகளாகப் பேசாமலிருப்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. இத்தகைய கடைகளை விளம்பர உத்தி என்று ஒதுக்குவது சரியன்று.

தும்பி:
உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், என் தந்தையைப் பெட்டியில் வைத்து மூடியபோது அருகில் நின்றவள் நான். அந்தப் பெட்டி தள்ளுபடிக்கான வழியாவதை என்னால் ஏற்க முடியவில்லை. இது புதியதும் அன்று. 1892-இல் பாரிஸின் மோன்மார்த்தர் பகுதியில் திறக்கப்பட்ட, ‘இன்மை’ என்று பொருள்படும் பெயர்கொண்ட கேளிக்கை விடுதியில் சவப்பெட்டிகளே மேசைகளாக இருந்தன. பரிமாறியவர்கள் பிணம் தூக்குவோரைப் போல உடுத்தியிருந்தார்கள். பெட்டிக்குள் நின்ற ஆள் எலும்புக்கூடாக மாறுவதுபோல் கண்ணாடியையும் ஒளியையும் கொண்டு காட்டினார்கள். வந்தவர்களுக்கு அது ஒரு மாலைப்பொழுதின் கிளர்ச்சி, அவ்வளவே.

வழிப்போக்கன்:
பாரிஸ் விடுதி திகிலை விற்றது. பாங்காக் கடையோ, தன் இறப்பைத் தானே எண்ணிப்பார்க்கும் ‘மரணஸதி’ என்ற பௌத்தப் பயிற்சியின் வழியில் அமைந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். எனினும் தள்ளுபடியைப் பற்றிய உங்கள் குறை என்னை உறுத்துகிறது. அது இல்லாவிட்டால் நான் படுத்திருக்க மாட்டேன் என்பது உண்மை.

மகிழம்பூ:
நீங்கள் இருவருமே அலங்காரத்தைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். சுவிட்சர்லாந்துச் சமூகவியலாளர் பெர்னார் க்ரெட்டாஸ் 2004-இல் மரணத்தைப் பற்றிப் பேசுவதற்கான காபிக் கூடுகையைத் தொடங்கினார். அதைப் பின்பற்றி ஜான் அண்டர்வுட் 2011-இல் லண்டனில் தம் வீட்டிலேயே, உளசிகிச்சையாளரான தம் தாயின் துணையோடு ‘டெத் கஃபே’யை நடத்தினார். அங்கே சவப்பெட்டி இல்லை. தேநீர், கேக், முன்பின் அறியாத சிலர், அவ்வளவுதான். லாபம் கூடாது, வந்தவர்களை எந்த முடிவுக்கும் இழுத்துச் செல்லக் கூடாது என்பவை அதன் நெறிகள். அண்டர்வுட் 2017-இல், தம் நாற்பதுகளில், எதிர்பாராமல் இறந்தார். குடும்பத்தினர் அதைத் தொடர்ந்தனர்.

தும்பி:
அப்படியோர் இடம் இருந்தால் நான் போவேன். தந்தையைப் பற்றி நான் பேசத் தொடங்கினாலே உறவினர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். எனக்கு வேண்டியது கேட்கும் காது.

வழிப்போக்கன்:
பேச யாருமில்லாதவருக்கு அந்தக் கூடுகை உதவும். எனக்கோ பேச வேண்டியவள் இருந்தாள். நான்தான் அழைக்காமல் இருந்தேன். பெட்டியிலிருந்து எழுந்த அன்றிரவே அழைத்துவிட்டேன். ஆகவே, அந்தப் பெட்டியை வேடிக்கைப் பொருள் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.